கெட்டி அட்டையும் கெட்டியற்ற கட்டும்

மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகும் சாலையில், நெல்வயல்களுக்கு நடுவே இருக்கிற கூத்தாநல்லூர், சிங்கப்பூரையும் மலேயாவையும் அண்டை ஊர்களாகவே பாவித்துத் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்துகொண்டிருக்கிற ஊர். விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் முன்பெல்லாம் கைலியும் தைலப் புட்டியும் வாசனைத் திரவியமும் வரும். இப்போது அவற்றோடு, அங்கே படிக்கும் பிள்ளைகள் விடாப்பிடியாகத் தூக்கிவருகிற கனத்த புத்தகங்கள் சிலவும் வருகின்றன. அவை கதைப் புத்தகங்களும் அல்ல, பாடப் புத்தகங்களும் அல்ல. நாலைந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவன் வீரனாகவும் ஒருத்தி மந்திரக்காரியாகவும் பாத்திரம் ஏற்று, பல முகங்கள் உள்ள பகடைகளை உருட்டி, கதையை வாய்ப்பேச்சாலேயே வளர்த்துக்கொண்டு போகிற ஒருவகை விளையாட்டுக்கு உரிய விதிநூல்கள் அவை. வழவழப்பான காகிதம், பக்கத்துக்குப் பக்கம் வர்ணச் சித்திரம், கெட்டி அட்டை, அதற்கேற்ற விலை என்று இவ்வளவு ஆடம்பரமாக வெளிவருகிற இந்த நூல்களிற் சில, சிறிது காலப் புழக்கத்திலேயே முதுகு பிளந்து, தாள் தாளாகக் கழன்று விழுந்துவிடுகின்றன என்பது மிகவும் விசனப்படத்தக்க விஷயம்.

புத்தகம் கழன்றால் பெரியவர்கள் பிள்ளைகளைத்தான் கடிந்துகொள்வார்கள். என் அபிப்பிராயத்தில் அந்தக் கண்டனம் பெரும்பாலும் நியாயமற்றது. நாவலை ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசித்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார். விதிநூலையோ ஒரே மாலைப்பொழுதில் பல கைகள் பலமுறை புரட்டுகின்றன. நடுப்பக்கத்தில் இருக்கும் அட்டவணை ஒன்றைப் பார்ப்பதற்காகத் திறந்தபடியே மேஜைமேல் கிடத்துகின்றன. இடம் தவறாமலிருக்கக் கவிழ்த்தும் வைக்கின்றன. அகராதியையும் பஞ்சாங்கத்தையும் வியாபாரியின் பேரேட்டையும்போல இது எடுத்தாளப்படுகிற நூல். எடுத்தாளுவதற்கென்றே அச்சிட்ட நூல் எடுத்தாளுவதைத் தாங்கவில்லையென்றால், பிழை எடுத்தாண்டவனிடம் இல்லை, கட்டியவனிடம் இருக்கிறது.

புத்தகத்தின் கட்டு அட்டைக்குள்ளே மறைந்திருப்பது என்பதால், வாங்குகிறவர் கண்ணுக்கு அது படுவதில்லை. பழைய முறையில், பெரிய தாளில் அச்சடித்து மடித்தால் பதினாறு பக்கம் கொண்ட ஒரு பாரம் கிடைக்கும். ஒவ்வொரு பாரத்தையும் அதன் மடிப்பின் ஊடாக நூல் கோத்துத் தைத்து, அந்த நூலையே அடுத்த பாரத்தோடு பிணைத்துக்கொண்டு போய், கடைசியில் முதுகுக்குப் பசை தடவி, வலைத்துணி ஒட்டி, அதன்பிறகே அட்டை போடுவார்கள். கையால் செய்துவந்த இந்தத் தையலுக்கு டேவிட் மெக்கானல் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1868-இல் இயந்திரம் ஒன்றைப் பதிவு செய்தார். இன்றும் நல்ல பிரசுரகர்த்தர்கள் கையாளுவது அவர் பெயரால் வழங்குகிற தையலைத்தான். மற்றொரு முறையில் தையலே கிடையாது. பாரங்களின் மடிப்பை இயந்திரத்தால் சீவித் தள்ளிவிட்டு, வெட்டுண்ட ஓரத்தைச் சொரசொரப்பாக்கி, உருக்கிய சூட்டுப் பசையை அதன்மேல் பூசிவிடுகிறார்கள். அப்போது ஒவ்வொரு தாளும் தனித்தாள். அடுத்த தாளோடு அதற்கு எந்தப் பிணைப்பும் இல்லை. காகிதத்தின் கனம் எவ்வளவோ அவ்வளவு மெல்லிய ஓரம் மட்டுமே பசையைப் பற்றிக்கொண்டிருக்கிறது.

மெல்லிய அட்டை நாவலுக்கும் அந்நாளைய டெலிபோன் டைரக்டரிக்கும் இந்த முறை போதும். வருஷம் கழிந்தால் டைரக்டரியின் ஆயுளும் கழிந்துவிடும். அந்தப் பசைக்கட்டையே கெட்டி அட்டைக்குள் ஒளித்து வைத்து, காலத்துக்கும் நிற்கும் நூல் என்ற தோற்றத்தை உண்டாக்குவதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். கெட்டி அட்டை அந்தக் கட்டுக்குப் பலம் சேர்ப்பதில்லை, பாரத்தையே சேர்க்கிறது. அட்டை உள்தாள்களைவிடச் சற்று நீண்டிருப்பதால், புத்தகத்தை நிறுத்தி வைத்தால் தாள்கட்டு தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்குகிறது. அதன் கனம் முழுவதும் முதுகுப் பசையை இரவும் பகலும் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. விளையாட்டு நூல்களின் வழவழப்புக் காகிதமோ சீனக்களிமண் பூசியது. களிமண் பூச்சைத் தாண்டிப் பசை நாரைச் சென்று பற்றுவது கடினம். சூட்டுப் பசையும் வயதாக ஆக நெகிழ்ச்சி குன்றி நொறுங்கும். பசைக்கட்டு எல்லாமே பயனற்றது என்று சொல்லிவிட முடியாது; பாலியூரித்தேன் பசையால் ஒழுங்காகக் கட்டிய நூல்கள் நன்றாகவே நிற்கின்றன. காகிதத்துக்கு ஏற்ற பசையும், புழக்கத்துக்கு ஏற்ற கட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டனவா என்பதே கேள்வி.

விளையாட்டு விதிநூல்களில் இதற்குப் பிரசித்தமான உதாரணம் ஒன்று உண்டு. 1974-இல் அமெரிக்காவில் தோன்றிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டுக்கு 1977 முதல் கெட்டி அட்டை விதிநூல்கள் வரத் தொடங்கின. ஆரம்பகால நூல்கள் உறுதிக்குப் பேர்போனவை, இன்றும் பலரிடம் கட்டுக்குலையாமல் இருக்கின்றன. ஆனால் அந்த விளையாட்டின் பதிப்பாளரான டி.எஸ்.ஆர். நிறுவனம் 1985-இல் வெளியிட்ட ‘அனெர்த்ட் ஆர்க்கானா’ என்ற நூல், தாள் உதிர்வதற்காகவும் மிகவும் பேசப்பட்டது. நாற்பது வருஷங்கள் ஆன பின்னும் பழைய பிரதி வாங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது கட்டு நிற்கிறதா என்பதைத்தான். 1989-இல் அந்நிறுவனம் விசித்திர மிருகங்களைப் பற்றிய தொகுப்பை, கட்டே இல்லாமல், துளையிட்ட உதிரித் தாள்களாக வளைய ஃபைலில் கோத்து வெளியிட்டது. சேர்க்கலாம், நீக்கலாம், வரிசை மாற்றலாம் என்பது அதன் நோக்கம். நடைமுறையிலோ தாள்கள் துளையோரத்தில் கிழிந்தன. ஒரு தாளின் முன்னும் பின்னும் இரு வேறு மிருகங்கள் இருந்தமையால் அகரவரிசையும் நிலைக்கவில்லை. 1993-இல் அத்தொகுப்பு மறுபடியும் கெட்டி அட்டை நூலாகவே வந்தது.

நம் ஊர்களில் இதற்குப் பரிகாரம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்துக்கும் கடைக் கணக்குக்கும் மதரசாக் கிதாபுக்கும் பைண்டிங் போடுகிறவர்கள் இப்பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த, முதுகு விட்டுப்போன விதிநூல் ஒன்றை அப்படிப்பட்ட ஒரு பெரியவரிடம் கொடுத்தபோது, அவர் அட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “அட்டைதான் தம்பி கெட்டி. உள்ளே ஒரு இழை நூல்கூட இல்லை பாருங்க” என்றார். வழக்கம்போல் ஓரத்தில் குத்தூசியால் துளையிட்டுப் பக்கவாட்டில் தைத்துவிட அவர் எண்ணினார். அது உறுதியான தையல்தான். ஆனால் உள் ஓரத்தில் அரை விரற்கடை இடத்தை விழுங்கிவிடும், புத்தகமும் தட்டையாக விரியாது. ஓரம்வரை அட்டவணை அச்சிட்ட விதிநூலுக்கு அது பொருந்தாது. இதைச் சொன்னதும் ஒப்புக்கொண்டு வேறு வழியில் இறங்கினார்.

முதலில் முதுகில் ஒட்டியிருந்த கண்ணாடி போன்ற பழைய பசையைக் கத்தியால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். பிறகு பக்க எண் சரிபார்த்து, தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி, முதுகு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி இரண்டு பலகைகளுக்கிடையில் இறுக்கினார். நீட்டிய முதுகை ஒரு பக்கமாக விசிறிபோல் சாய்த்து வெள்ளைப் பசையைத் தூரிகையால் தடவினார். மறுபக்கம் சாய்த்து மீண்டும் தடவினார். இப்படிச் செய்யும்போது பசை ஒவ்வொரு தாளின் இரு முகத்திலும் மயிரிழை அளவு உள்ளே ஏறி, தாளைத் தாளோடு ஒட்டுகிறது. பிறகு முதுகின் குறுக்கே ரம்பத்தால் ஆழமில்லாத வெட்டுகள் போட்டு, அவற்றில் பசையில் தோய்த்த நூலைப் பதித்து, வலைத்துணி ஒட்டி, இரவு முழுவதும் கனத்துக்கு அடியில் வைத்துவிட்டார். பழைய அட்டையையே மறுநாள் புதிய உள்தாளோடு சேர்த்தார். முதுகுக்கு மட்டும் காலிக்கோ துணி. விசிறியாக்கிப் பசை தடவும் இதே உபாயத்தை 1930-களில் ஜெர்மனியில் எமில் லும்பெக் என்பவர் புகழ்பெறச் செய்தார். அந்தப் பெயரை நம் பெரியவர் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை. கை மட்டும் அதை அறிந்திருந்தது.

கனத்த நூலை எப்படித் திறந்து வைப்பது என்பதற்கும் வெளிநாட்டு ஆலோசனை தேவையில்லை. குர்ஆன் ஓதும்போது விரித்து வைக்கிற ரெஹால் பலகை, புத்தகத்தின் இரு பாதிகளையும் சரிவாகத் தாங்கி, முதுகு முற்றிலும் மல்லாந்து நசுங்காமல் காக்கிறது. பழைய நூல்களைக் காக்கும் நூலகங்கள் பயன்படுத்தும் தொட்டில் தாங்கிகளின் தத்துவமும் இதுவே. ஓலைச் சுவடியைப் படைத்த நம் முன்னோர் இன்னொரு விதமாகச் சிந்தித்தார்கள். முதுகு என்ற உறுப்பே வேண்டாமென்று, ஏடுகளில் துளையிட்டு, ஒன்றில் கயிறு கோத்து, மற்றொன்றில் நாராசம் என்ற கம்பியைச் செருகி, கயிற்றின் முனையில் கிளிமூக்கு என்ற ஓலைத் துண்டு வைத்துக் கட்டினார்கள். கயிறு இற்றால் கயிற்றை மாற்றினால் போதும், ஏட்டுக்குச் சேதமில்லை. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் இத்தகைய சுவடிகளோடு, 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் சேகரித்த ஐரோப்பிய அச்சு நூல்களும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இயந்திரத்தால் பூசும் சூட்டுப் பசையை உலகம் அறியாத காலத்து நூல்கள் அவை. நூலால் தைத்துக் கட்டப்பட்டவை. காவிரிக் கரையின் ஈரக்காற்றில் இரண்டு நூற்றாண்டைக் கடந்திருக்கின்றன.

வாங்கும்போதே ஜாக்கிரதையாக இருக்க விரும்புகிறவர், புத்தகத்தை மூடியபடி பிடித்து, முதுகின் மேல்முனையை உற்றுப் பார்க்க வேண்டும். சிறு சிறு மடிப்புக் கற்றைகள் வரிசையாகத் தெரிந்து, ஒவ்வொரு கற்றையின் நடுப்பக்கத்தையும் விரித்தால் நூல் தென்படுமானால் அது தைத்த புத்தகம். ஒரே பாளமாகப் பசை மட்டும் தெரிந்தால் அதைத் திறப்பதில் நிதானம் வேண்டும்: முதுகை மேஜைமேல் ஊன்றி, முன்னிருந்து சில தாள், பின்னிருந்து சில தாள் என மாறிமாறி மெல்ல அழுத்தி நடுவுக்கு வந்து சேரலாம். நடுவில் திடீரென்று பிளந்தால் பசை அந்த இடத்திலேயே விரிசல் கண்டுவிடும். அலமாரியில் கனத்த நூலைப் படுக்க வைப்பது உத்தமம். அடிக்கடி புரட்டும் அட்டவணைகளை ஜெராக்ஸ் எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டால் புத்தகத்தின் வேலை பாதி குறையும்.

கழன்ற தாளுக்குச் செலோடேப் ஒட்டுவதைப்போல் கெடுதல் வேறில்லை. அதன் பிசின் மஞ்சளித்துக் காகிதத்தில் ஊறிவிடும், பிறகு பைண்டர் கையிலும் தாள் கிழியும். உதிர்ந்த தாளை அப்படியே அதன் இடத்தில் செருகி வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது ஓரத்தைக் கட்டிங் மெஷினில் வெட்டவேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது அவசியம். சொல்லாவிட்டால் வழக்கப்படி வெட்டிவிடுவார்கள், பக்க எண்ணும் படத்தின் விளிம்பும் போய்விடும். மைதாப் பசை கலப்பதானால் பூச்சி அரிக்காமல் மயில்துத்தம் சேர்க்கச் சொல்லலாம். இன்னொன்று: ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பசை சரியாகக் காயாது, காயாத முதுகில் பூஞ்சை பிடிக்கும், அவசரமில்லையானால் தை பிறந்த பிறகு கொடுப்பதே நல்லது.