அம்மனுக்கு விரதம்... அம்மாவுக்கு அடிப்பானைச் சோறா?

குலசேகரன்பட்டினம்:-

தசரா நெருங்கினால் குலசையில் சாப்பாட்டுக்குக் கணக்கு வந்துவிடும். முத்தாரம்மனுக்கு நேர்ந்து வேடம் கட்டும் பக்தர்கள் 41 நாள், 21 நாள், 11 நாள் என்று மாலை போட்டு விரதம் இருப்பார்கள். எதைச் சாப்பிடலாம், எப்போது சாப்பிடலாம் என்பதில் ஒரு பிசகு வராது.

காளி வேடம் கட்டும் மகனுக்கு விரதச் சாப்பாடு வடித்துப் போடுவது யார்? அம்மா! அவள் எப்போது சாப்பிட்டாள்? யாருக்கும் தெரியாது.

"எல்லாரும் தின்னு முடியட்டும். மிச்சம் இருக்கத நான் சாப்பிட்டுக்கிடுதேன்."

இந்தப் பேச்சு கேட்காத வீடு உண்டா?

குண்டு உடம்பு, குறைந்த ரத்தம்

மிச்சம் என்பது என்ன? மீன் துண்டு பிள்ளைகளுக்குப் போய்விடும். அம்மாவுக்கு வெறும் குழம்பு. கூடவே, வீணாகக் கூடாதே என்று பிள்ளைகள் வைத்த மிச்சச் சோறு. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை.

"எக்கா, என்ன இப்படி ஊதிட்டீய?" என்று தெருவில் கேலி வேறு. அதைக் கேட்டு காலைச் சாப்பாட்டை நிறுத்துகிறவர்களும் உண்டு. ஊதிய உடம்புக்குள் ரத்தம் குறைந்திருப்பது கேலி பேசுபவர் கண்ணுக்குத் தெரியாது.

2019-21-ல் நடந்த 5-வது தேசிய குடும்பநல ஆய்வின் கணக்கு இது: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. 100-க்கு 40 பேருக்கு அளவுக்கு மீறிய எடை. இரண்டும் ஒரே உடம்பில் இருக்க முடியும்!

கருப்பட்டியிலும் சர்க்கரை

பக்கத்து உடன்குடி கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்கேற்ற ருசிதான். ஆனால் "கருப்பட்டி காப்பி குடிச்சா சுகர் ஏறாது" என்பது தவறு. கருப்பட்டியும் சர்க்கரைதான், நீரிழிவு உள்ளவர்கள் அளவு பார்க்கவேண்டும்.

செலவில்லாத வழி

முருங்கைக்கீரை, சாளை மீன், உளுந்தங்களி எல்லாம் நம் ஊர்ச் சத்துணவு. கீரை சாப்பிட்ட கையோடு டீ குடித்தால், அதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். கீரையோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் சத்து நன்றாகப் பிடிக்கும்.

உடம்பைத் தெரிந்துகொள்ளத் தையல்கடை டேப் போதும். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரை, அதாவது சுமார் முப்பத்தொன்றரை அங்குலத்தைத் தாண்டினால் எச்சரிக்கை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை, கர்ப்பிணிகளுக்கு 11. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை சோதனை வீட்டு வாசலுக்கே வருகிறது.

வாரம் 150 நிமிடம் வேகமாக நடக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரைமணி நேரமாக 5 நாள் நடந்தால் கணக்கு சரி. "வேலைதான் செய்றோமே" என்று விட்டுவிடக் கூடாது. அம்மா நடக்கப் போகும் அந்த அரைமணி நேரம் அடுப்பை யார் பார்ப்பது? அப்பா பார்க்கட்டும்!

அம்மனுக்குப் படைக்கும்போது முதல் இலை அம்மனுக்கு. வீட்டு அம்மாவுக்கு முதல் இலை வேண்டாம். எல்லோரோடும் சேர்த்து ஓர் இலை, அதில் ஒரு மீன் துண்டு. இன்று ராத்திரியே போடலாமே!