உடலின் வடிகால்கள்

திருவான்மியூரில் எழுந்தருளியுள்ள இறைவனுக்கு மருந்தீசர் என்பது பெயர். அகத்திய முனிவருக்கு மூலிகைகளின் இயல்பை இறைவன் அத்தலத்தில் உணர்த்தினான் என்று தலவரலாறு கூறும். அவ்வூரின் மேற்கே பக்கிங்காம் கால்வாய் செல்கின்றது. முற்காலத்தில் பண்டங்கள் ஏற்றிய படகுகள் சென்ற அக்கால்வாயில் இந்நாளில் கழிவுநீர் கலந்து, பலவிடங்களில் தேங்கி நிற்கின்றது. தேங்கிய அழுக்குநீர் கியூலெக்ஸ் என்னும் கொசுவிற்குப் பிறப்பிடமாகும். அக்கொசு யானைக்கால் நோயைப் பரப்ப வல்லது. வடிகால் கெட்டால் ஊருக்கு நேரும் தீங்கு யாதோ, அதனையே இந்நோய் உடலுக்குச் செய்கின்றது.

மனித உடலிலும் வடிகால்கள் உள்ளன. குருதி ஓடும் நுண்குழாய்களிலிருந்து நீர்ப்பொருள் ஓயாது கசிந்து திசுக்களை நனைக்கின்றது. அதன் மிகுதியை ஏற்றுச் செல்வன நிணநீர்க் குழாய்கள். குருதியைச் செலுத்த இதயம் இருப்பதுபோல நிணநீரைச் செலுத்தத் தனியுறுப்பு ஒன்றும் இல்லை. குழாய்கள் தாமே சுருங்கி விரிதலாலும், தசைகளின் அசைவாலும் அது மேலேறுகின்றது. ஏறிய நீர் பின்னோக்கி இழியாவண்ணம், மதகுகள் போன்ற தடுக்கிதழ்கள் காக்கின்றன. இடையிலுள்ள நிணநீர்க் கணுக்கள் நோய்க்கிருமிகளைத் தடுத்து அழிக்கும் காவற்சாவடிகளாம். முடிவில், கழுத்தின் அடிப்பகுதியிலுள்ள பெருஞ்சிரைகளில் நிணநீர் கலந்துவிடும்.

காலில் முள் தைத்த இடம் சிவந்து, வெம்மையுற்று, வீங்கி வலிக்கின்றது. இதுவே அழற்சி எனப்படும். அப்பொழுது கசியும் நீர் பெருகுதலின், இருக்கும் வடிகால்கள் போதா. ஆங்குத் திரண்ட வெள்ளணுக்களுட் சில, குழாய்களை வளரத் தூண்டும் ஒருவகைப் புரதத்தைச் சுரக்கின்றன. இப்புரதத்தை 1996-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு அறிஞர் காரி அலித்தலோவும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்தனர். அதன் தூண்டுதலால் பழைய குழாய்களிலிருந்து புதிய கிளைகள் முளைக்கின்றன. அவை மிகுந்த நீரை வடித்து வீக்கம் தணியத் துணைபுரிகின்றன. ஆதலின், அழற்சி முதற்கண் உடலுக்கு நன்மையே செய்கின்றது.

ஆயின், அழற்சி தணியாது நீடிக்குமாயின் நிலைமை மாறிவிடும். வெள்ளத்திற்கு அஞ்சி விரைந்து வெட்டிய வாய்க்காலுக்குக் கரையும் மதகும் செவ்வனே அமைவதில்லை. அவ்வாறே இடைவிடாத் தூண்டுதலால் எழுந்த குழாய்கள் அளவின்றி விரிந்து, நீரைக் கசியவிடுகின்றன. தடுக்கிதழ்கள் பொருந்தி மூடுவதில்லை. சுருங்கும் ஆற்றலும் குன்றுகின்றது. குழாய்கள் பலவாயினும் நீர் வடிவதில்லை. தேங்கிய நீரால் திசு தடித்து இறுகிவிடுகின்றது.

யானைக்கால் நோயில் நிகழ்வது இதுவே. நூல்போன்ற புழுக்கள் நிணநீர்க் குழாய்களிற் பல்லாண்டு வாழ்ந்து அவற்றை விரியச் செய்கின்றன. இறக்கும்போது அழற்சியை விளைக்கின்றன. இப்புழுக்களின் குஞ்சுகளை மனிதக் குருதியில் 1872-இல் கல்கத்தாவில் லூயிஸ் என்னும் மருத்துவர் கண்டார். கொசுவின் உடலில் அவை வளர்தலை 1877-இல் சீனநாட்டில் மான்சன் கண்டார். நம் நாட்டில் அவை இரவிலேயே குருதியில் மிகுதியாக உலவுதலின், இந்நோய்க்குரிய குருதிச் சோதனை பெரும்பாலும் இரவில் நடைபெறுகின்றது. புழுக்கள் பலருக்கு இளமையிலேயே புகுந்துவிடுகின்றன. வீக்கமோ பல்லாண்டு கழித்தே தோன்றுகின்றது.

இந்தியாவில் 1955-இல் யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 2004 முதல், நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை மக்களனைவர்க்கும் மருந்து வழங்கும் பணி நாடளாவி மேற்கொள்ளப்பெற்றது. மருந்து புழுக்களின் பெருக்கத்தை ஒடுக்கும். முற்றிய வீக்கத்தை முழுதும் நீக்காது. ஆயினும் அவ்வீக்கம் மேலும் பெருகாமற் காத்தல் எளிது. விரலிடுக்குகளிலுள்ள வெடிப்புகளின் வழியே கிருமிகள் புகுந்து, மீண்டும் மீண்டும் அழற்சியை மூட்டுகின்றன. ஒவ்வோர் அழற்சியும் வடிகால்களை மேலும் சிதைக்கும். ஆகவே நாள்தோறும் காலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, விரலிடுக்குகளை ஈரமறத் துடைத்தல் வேண்டும். காலணி அணிதலும், அமரும்போது காலை உயர்த்தி வைத்தலும், கணுக்காலை அசைத்துப் பயிலுதலும் நலம் தரும்.

இந்நோய் தொடுதலால் பரவுவதன்று; முன்வினைப் பயனென்று கொள்ளத்தக்கதுமன்று. நோயுற்றாரை எள்ளி ஒதுக்குதல் அறியாமையேயாம். ஊரின் வடிகாலைத் தூய்மையாக வைத்தலும், நோயுற்றார் தம் காலைப் பேணத் துணைநிற்றலும் கற்றோர் கடனாகும்.