உங்களுக்குத் தெரியுமா? கட்டுக்கரைப் பசளையும் வன்னி வாக்கும்

அருவியாற்று நீரைத் தேக்கி மன்னார் வயல்களுக்குத் தருவது கட்டுக்கரைக் குளம். ஆனால் தண்ணீர் மட்டும் போதுமா? 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. 2022இல் நாடே வங்குரோத்து. உழவு இயந்திரத்துக்கு டீசல் தட்டுப்பாடு, மீன்பிடி வள்ளத்துக்கு மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு.

இந்தத் தட்டுப்பாடுகள் வாக்கிலும் எதிரொலித்தனவா? மன்னார் அடங்கிய வன்னித் தேர்தல் மாவட்டத்தில், 2024 செப்டெம்பர் சனாதிபதித் தேர்தலில் அநுரகுமார திசாநாயக்க பெற்றது ஏறத்தாழ 10 சதவீத வாக்குகளே. நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் அவரது தேசிய மக்கள் சக்தி சுமார் 20 சதவீதத்துடன் முதலிடம். 6 ஆசனங்களில் 2 அதற்கு.

வன்னியில் வயிறு மட்டுமே வாக்களித்தது என்று சொல்லிவிட முடியாது. தமிழ்க் கட்சிகள் சிதறி நின்றதும் அந்த முதலிடத்துக்கு வழிவிட்டது.