இரும்பு கண்ணுக்குத் தெரியும், மாங்கனீசு தெரியாது

மண் பரிசோதனை செய்யாமல் நம்மில் பலர் விதை போடுவதில்லை. ஆனால் குடிக்கிற தண்ணீரைப் பரிசோதித்தீர்களா என்று கேட்டால், "தாத்தா காலத்துல இருந்து குடிக்கிற கிணறுங்க, அதுக்கென்ன?" என்பார்கள். ஊராட்சிக் குழாய்த் தண்ணீரைச் சோதிக்கிற பொறுப்பு அரசுக்கு உண்டு. சொந்தக் கிணறு, போருக்கு நாமதான் பொறுப்பு.

இரும்பு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். நிலத்தடியில் காற்று இல்லாத இடத்தில் அது கரைந்து கிடக்கும். அதனால் போரிலிருந்து வரும்போது தண்ணீர் தெளிவாகவே இருக்கும். குடத்தில் பிடித்து வைத்தால் காற்றுப் பட்டு காவி நிறமாகும். டீ கறுத்துப்போகும், வெள்ளை வேட்டி பழுப்பேறும், சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும்.

மாங்கனீசு அப்படியில்லை. காற்றுப் பட்டாலும் மெதுவாகத்தான் மாறும். தொட்டியிலும் குழாயிலும் கறுப்பாகப் படியலாம். எந்த அடையாளமும் இல்லாமலும் இருக்கலாம்.

இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) இரும்புக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கிறது. மாங்கனீசுக்கு 0.1, வேறு தண்ணீரே இல்லையென்றால் 0.3 வரை. உலக சுகாதார நிறுவனம் 0.08 என்கிறது. புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தையை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது. பெரியவர்கள் உடம்பு தேவைக்கு மிஞ்சிய மாங்கனீசை வெளியேற்றிவிடும். பச்சைக் குழந்தைக்கு அந்தத் திறன் குறைவு. அதிகமானால் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மாங்கனீசு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும்.

இயற்கை விவசாயிகள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நீர் தேங்கிய நெல் வயலில் காவிப் படலம் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். மட்கும் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, அடுத்ததாக மண்ணிலுள்ள மாங்கனீசையும் இரும்பையும் பயன்படுத்திக் கரைய வைக்கின்றன. கிணற்றோரம் எருக்குழியோ சாண எரிவாயுக் கழிவுத் தொட்டியோ இருந்து ஊறல் இறங்கினால், அங்கேயும் இதே வேலை நடக்கும். ஊறலோடு நைட்ரேட்டும் கிருமியும் சேரலாம். மண்ணுக்கு அமுதமாக இருப்பது கிணற்றுக்கு ஆகாது. எருக்குழியைக் கிணற்றுக்குத் தள்ளி, பள்ளமான பக்கத்தில் வையுங்கள். கிணற்றில் விழும் தழைகளை அவ்வப்போது அள்ளிவிடுங்கள்.

தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரி படலம் மிதந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லு சில்லாக உடைந்தால் அது இரும்புப் பாக்டீரியா. மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய்.

கையடக்க டி.டி.எஸ். மீட்டரை நம்பி இருந்துவிடாதீர்கள். அது கரைந்த உப்புகளின் மொத்தத்தைத்தான் காட்டும். 500 என்று காட்டுகிற தண்ணீரில் அரை மில்லிகிராம் மாங்கனீசு இருப்பது அதற்குத் தெரியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். "இரும்பு, மாங்கனீசு இரண்டும் வேணும்" என்று கேட்டு எழுதிக் கொடுங்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பிறகு மாதிரி பிடியுங்கள். இல்லையென்றால் குழாயின் துருவும் சேர்ந்து வரும்.

இரும்பு மட்டும் அதிகமென்றால், தண்ணீரை மேலிருந்து பூவாளிபோலத் தூவி விழவிட்டு, தெளியவைத்து, மணல் வடிகட்டியில் விட்டாலே பெரும்பகுதி போய்விடும். மணலை அடிக்கடி அலச வேண்டும். மாங்கனீசுக்கு இது போதாது. மாங்கனீசு டை ஆக்சைடு பூசிய வடிமணல் வேண்டும். எதைப் பொருத்தினாலும், வடிகட்டிய தண்ணீரை மறுபடி சோதித்த பிறகே பணத்தை முழுசாகக் கொடுங்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். புட்டிப்பால் கலக்க மட்டுமாவது சோதித்த வேறு தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.