காலண்டர் ஒரு பக்கம், ஷிப்ட் ஒரு பக்கம்: கும்மிடிப்பூண்டி பகுதி சிஎஸ்ஐ சபைகளின் பண்டிகை ஆண்டு எப்படி நகர்கிறது?

பெரிய வெள்ளி ஆராதனை மதியம் 12 மணிக்குத் தொடங்கி 3 மணிக்கு முடியும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தியானிக்கும் மும்மணி ஆராதனை இது. மூன்று ஷிப்ட் ஓடும் ஆலைகளிலோ வழக்கமாக மதியம் 2 மணிக்கு ஆள் மாறும். ‘ஏ’ ஷிப்ட் முடித்து வருபவருக்குக் கடைசி இரண்டு வார்த்தைகள்தான் கிடைக்கும். ‘பி’ ஷிப்ட் போகிறவர் மூன்றாவது வார்த்தையிலேயே எழுந்து கிளம்ப வேண்டும்.

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை என்று சிப்காட் வளாகங்கள் உள்ள திருவள்ளூர் மாவட்டத்தில் இது ஆண்டுதோறும் வரும் சிக்கல். வயலை நம்பி வாழ்ந்த மக்களுக்காக உருவான ஆலய நாட்காட்டியும், 24 மணி நேரமும் நிற்காத ஆலையும் ஒரே ஊரில் எப்படி ஒத்துப்போகின்றன?

சிஎஸ்ஐ என்றால் என்ன?

தென்னிந்தியத் திருச்சபையின் சுருக்கம்தான் சிஎஸ்ஐ. நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்கள் கடந்த நிலையில், 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் இது தொடங்கப்பட்டது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கெனவே ஒன்றிணைந்திருந்த காங்கிரிகேஷனல் - பிரஸ்பிடேரியன் சபைகள் எல்லாம் ஒரே திருச்சபை ஆயின. பேராயர்கள் உள்ள மரபும், பேராயரே இல்லாத மரபும் ஒன்றாகச் சேர்ந்தது அப்போது உலகமே கவனித்த நிகழ்வு. திருவள்ளூர் மாவட்டம் சென்னைப் பேராயத்துக்குள் வருகிறது.

‘லிபரல்’ சபை என்று சிஎஸ்ஐ-யைச் சொல்ல முடியுமா? எல்லா விஷயத்திலும் முடியாது. ஆனால் பல மரபுகளை விட்டுக்கொடுத்துச் சேர்த்த திருச்சபை என்பதால், வழிபாட்டில் புதிதாக ஒன்றைச் செய்துபார்க்கும் துணிச்சல் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 1950-ல் வெளியான திருவிருந்து வழிபாட்டு முறையில், ஆயர் மேசைக்குப் பின்னால் மக்களைப் பார்த்து நின்றார். சமாதான வாழ்த்து கையிலிருந்து கைக்கு, கடைசி பெஞ்ச் வரை கடத்தப்பட்டது. மற்ற நாடுகளின் சபைகள் பிறகு கவனித்துக் கற்ற மாற்றங்கள் இவை. பெண்களுக்கு ஆயர் அபிஷேகம் தரும் இத்திருச்சபையில், 2013-ல் புஷ்பா லலிதா நந்தியால் பேராயர் ஆனார். சிஎஸ்ஐ-யின் முதல் பெண் பேராயர் அவர்.

ஆண்டு எங்கே தொடங்குகிறது?

ஆலய ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை. நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் புத்தாண்டு. அன்றிலிருந்து கிறிஸ்துமஸ் வரையுள்ள நான்கு ஞாயிறுகள் ‘அட்வெந்து’ எனும் வருகைக் காலம். பலிபீடத்தில் ஊதாத் துணி, வாரம் ஒரு மெழுகுவர்த்தி, ராத்திரியில் வீடு வீடாக கேரல் பவனி.

ஐரோப்பாவில் அட்வெந்து பனிக்காலம். திருவள்ளூரில் அது வடகிழக்குப் பருவமழை. 2023-ல் அட்வெந்து முதல் ஞாயிறு டிசம்பர் 3. அன்றிரவும் மறுநாளும் மிக்ஜாம் புயல் மழை சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தின் பல பகுதிகளையும் முடக்கிப்போட்டது. இந்த ஊரில் ‘காத்திருப்பின் காலம்’ என்பதற்குத் தண்ணீர் எப்போது வடியும் என்று காத்திருப்பது என்றும் ஒரு அர்த்தம் உண்டு.

கிறிஸ்துமஸ் ஆராதனை பெரும்பாலும் விடியற்காலை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் புது வருட வாக்குத்தத்த வசனம் கையில் கிடைக்கும். இந்த ‘வாட்ச் நைட்’ வழக்கம் மெதடிஸ்ட் மரபிலிருந்து வந்தது. அடுத்து சாம்பல் புதனோடு லெந்து காலம். ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாள். வீட்டுக்கு வீடு மாலை ஜெபக்கூட்டம். குருத்தோலை ஞாயிறு, பாதம் கழுவும் பெரிய வியாழன், பெரிய வெள்ளி, பிறகு விடியலுக்கு முன் ஈஸ்டர் ஆராதனை. மே மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி.

ஷிப்ட் கணக்கில் பார்த்தால், நள்ளிரவு ஆராதனையும் ஈஸ்டர் விடியலும் ‘சி’ ஷிப்ட் ஆட்களுக்குக் கிடையாது. லெந்து ஜெபக்கூட்டங்கள் ‘பி’ ஷிப்ட் ஆட்களுக்குக் கிடையாது. ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறினால், வருஷத்தின் முக்கியமான ராத்திரியில் யார் உள்ளே, யார் வெளியே என்பது ஷிப்ட் பட்டியலைப் பொறுத்தது.

லீவு கிடையாதா? சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைகள்) சட்டம், 1958 ஆண்டுக்கு நான்கு தேசிய விடுமுறைகளைத் தருகிறது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இதோடு ஐந்து பண்டிகை விடுமுறைகள். அந்த ஐந்தும் எவை என்பதை நிர்வாகத்தையும் தொழிலாளர்களையும் கலந்து ஆய்வாளர் குறிக்க வேண்டும்.

அதாவது, அரசு அலுவலகத்துக்குப் பெரிய வெள்ளி விடுமுறை என்பதால் ஆலைக்கும் விடுமுறை என்று ஆகிவிடாது. ஐந்து இடத்துக்குப் பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை என்று போட்டி அதிகம். கிறிஸ்துமஸுக்கு ஒரு இடம் கிடைத்தாலும் பெரிய வெள்ளிக்குக் கிடைப்பது எளிதல்ல. விடுமுறை நாளில் வேலைக்கு அழைக்கப்பட்டால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை. வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் நெருக்கும் மாதத்தில், ‘டபுள் சம்பளமா, சர்ச்சா?’ என்பது சாதாரணக் கேள்வி இல்லை.

ஞாயிறுக்கும் இதே கதைதான். 1948 தொழிற்சாலைகள் சட்டம் வார விடுமுறையை ஞாயிறு என்று வைத்தது. ஆனால் அதற்கு முந்தைய அல்லது பிந்தைய மூன்று நாட்களில் ஒரு நாள் மாற்று ஓய்வு தந்து, ஞாயிறன்று வேலை வாங்கவும் வழி விட்டது. செவ்வாய்க்கிழமை ஓய்வில் இருப்பவருக்கு ஆலயக் கதவு பூட்டியே இருக்கும்.

அறுப்பு இல்லாதவர்களுக்கு அறுப்பின் பண்டிகை எதற்கு?

தமிழ்ச் சபைகளில் கிறிஸ்துமஸ், ஈஸ்டருக்கு அடுத்து கூட்டம் சேர்க்கும் நாள் அறுப்பின் பண்டிகை. ஆலய வடிவில் இது இங்கிலாந்திலிருந்து வந்தது. 1843-ல் கார்ன்வால் பகுதியின் மார்வென்ஸ்டோ கிராமத்தில் ராபர்ட் ஸ்டீஃபன் ஹாக்கர் என்ற குருவானவர் நடத்திய நன்றி ஆராதனையே இன்றைய வடிவத்துக்குத் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. தமிழ் மண்ணில் ஏற்கெனவே பொங்கல் இருந்ததால் இது சட்டென்று ஒட்டிக்கொண்டது. சில சபைகள் ஆலய வளாகத்திலேயே பொங்கலும் வைக்கின்றன.

இதற்கு எல்லோருக்கும் பொதுவான தேதி கிடையாது. ஒவ்வொரு சபையும் தனக்கு வசதியான ஞாயிறைத் தேர்ந்துகொள்கிறது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று நெல் பருவம் பார்த்த மாவட்டத்தில் அது இயல்பும்கூட. நெல், வாழைத்தார், பூசணி, கோழி எல்லாம் பலிபீடத்துக்கு முன் வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். கடையில் முப்பது ரூபாய் போகும் பப்பாளி, இங்கே சிரிப்பும் சவாலுமாகப் பல மடங்குக்குப் போகும். பணம் ஆலயச் செலவுக்கும் உதவிகளுக்கும்.

இப்போது வயல் இல்லாத குடும்பம் கேக், பிஸ்கட், பிளாஸ்டிக் குடம் கொண்டுவருகிறது. அல்லது ஒரு நாள் சம்பளத்தைக் கவரில் போடுகிறது. உழைப்பின் முதல் பலனைப் படைப்பதுதான் பண்டிகையின் அர்த்தம் என்றால், சம்பளமும் அறுப்புதான்.

அப்போ யார் விடுபடுகிறார்கள்?

ஏலத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. கேட்பவர் குரல்தான் கேட்கும். கேட்க முடியாதவர் ஓரமாக நிற்பார். சபை நிர்வாகத்திலும் அப்படித்தான். சந்தா கட்டி, பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே தேர்தலில் வாக்கு. வேலைக்காகத் திருநெல்வேலி, கன்னியாகுமரியிலிருந்து வந்தவர்களில் பலரின் பெயர் இன்னும் சொந்த ஊர்ச் சபையிலேயே இருக்கும்.

இன்னொரு கூட்டம் கண்ணுக்கே படுவதில்லை. ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வரும் தொழிலாளர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. ராஞ்சியில் காஸ்னர் மிஷனரிகள் 1845-லேயே வந்து இறங்கிவிட்டார்கள். 1970-ல் உருவான வட இந்தியத் திருச்சபை சிஎஸ்ஐ-யோடு முழு ஐக்கியத்தில் உள்ளது. அங்கே உறுப்பினராக இருப்பவர் இங்கே திருவிருந்தில் பங்குபெறலாம், தடை எதுவும் இல்லை. தடை மொழிதான். தமிழ் ஆராதனையில் அவருக்குப் புரிவது ‘ஆமென்’, ‘அல்லேலூயா’ மட்டுமே.

இதற்கு சிஎஸ்ஐ மரபுக்குள்ளேயே ஒரு பதில் இருக்கிறது. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு (1940–2005), பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆலயத்துக்குள் கொண்டுவந்த தலித் இறையியலாளர். ‘ஒரு உலை’ என்பது அவர் வலியுறுத்திய கருத்து. ஆளாளுக்குத் தனியாகச் சமைக்காமல், எல்லோரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டு, சாதி பார்க்காமல் ஒன்றாகச் சாப்பிடுவது. அவருக்குத் திருவிருந்தின் அர்த்தமே அதுதான்.

அந்த அளவுகோலை வைத்தால், ஒரு சபை எவ்வளவு திறந்த மனதுள்ளது என்பதைப் பிரசங்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. வார நாளில் ஒரு மாலைத் திருவிருந்து, பெரிய வெள்ளியன்று இரவு இன்னொரு சிறு ஆராதனை, ஒரு வேத பாடமாவது இந்தியில், ஏலத்துக்கு முன் எல்லோருக்கும் ஒரே பந்தி. இதில் எதற்கும் பேராயத்தின் பெரிய தீர்மானம் தேவையில்லை. சபைக் குழு ஒரு கூட்டம் போட்டுப் பேசினாலே போதும். அந்தக் கூட்டத்தை எந்த ஷிப்ட் நேரத்தில் வைக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.