குற்றாலநாதர் பண்ணைக்கு வரும் பறவைகள்

திருக்குற்றாலம் செல்லும் அன்பர்கள் அருவியில் நீராடி, குற்றாலநாதரையும் குழல்வாய்மொழி அம்மையையும் தொழுது, சித்திர சபையில் ஓவிய வடிவில் ஆடும் கூத்தபிரானைத் தரிசித்தபின், பிற்பகலில் பேருந்துக்கு விரைந்துவிடுகின்றனர். தென்காசிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான். அந்த வழியிலும் பார்க்க வேண்டியவை உண்டு.

வழியிலுள்ள மேலகரம், திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அவர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சி என்றதும் பந்தாடும் வசந்தவல்லியும், மலைவளம் கூறும் சிங்கியுமே நினைவுக்கு வருவர். நூலின் பிற்பகுதியில் நிறைந்திருப்பவையோ பறவைகள். சிங்கியைத் தேடும் சிங்கன், தோழன் நூவனோடு பறவை பிடிக்க வருகிறான். வயல்களில் இறங்கும் பறவைகளைப் பெயர் சொல்லிக் காட்டுகிறான்: கூழைக்கடா, தாரா, நாரை, குருகு. அவை இறங்கும் இடங்களாக ஆயிரப்பேரி, தென்காசி முதலிய ஊர்களையும், கொத்தும் இரையாக ஆரல், அயிரை, தேளி முதலிய மீன்களையும் கவிராயர் விடாமல் சொல்லுகிறார். ஏட்டைப் பார்த்து எழுதுபவருக்கு இந்த நுட்பம் வாய்க்காது; குளக்கரையில் நின்று பார்த்தவரின் பாட்டு இது.

அவ்வயல்கள் யாவும் திரிகூடநாதரின் பண்ணை நிலங்கள் என்பதே சிங்கனின் பேச்சு. கண்ணி வைத்தும் அவன் மனம் சிங்கியிடமே இருக்க, பறவைகள் தப்பிப் பறந்துவிடுகின்றன. இறைவன் வயலுக்கு இரை தேடி வந்தவற்றைக் கண்ணியில் சிக்கவைக்கக் கவிராயருக்கு மனம் வரவில்லை போலும்! இந்நூலுக்காக மதுரை முத்துவிசயரங்க சொக்கலிங்க நாயக்கர் வழங்கிய நிலம் ‘குறவஞ்சி மேடு’ எனப்பட்டது.

ஐப்பசி மழையில் குளங்கள் பெருகியதிலிருந்து மாசி வரை இக்கரைகளில் நடப்பதற்கு உகந்த காலம். மேற்கே மலை மறைப்பதால் மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் விரைவில் தணிந்துவிடும். நெற்றியில் வெண்ணாமம் இட்டாற்போன்ற கரிய நாமக்கோழி நீரில் மிதக்கும். மண் நிறத்தில் அசையாது அமர்ந்திருக்கும் மடையான், எழுந்து பறந்த கணமே வெள்ளைக் கொக்காக மாறித் தோன்றும். நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்தும். அரிவாள் மூக்கன் சேற்றைத் துழாவும். முக்குளிப்பான் இங்கே மூழ்கி அங்கே எழும். செம்பருந்து மேலே வட்டமிட்டால் கருட தரிசனம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் இன்றும் உண்டு. கூழைக்கடா கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதைக் காண விரும்புவோர் நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் வரை செல்லவேண்டும். அவ்வூரார் பறவைகளின் பொருட்டு வெடி வெடிப்பதில்லை.

உள்ளான், காடை, சிரல் என்று பிரித்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர் இப்போது பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்களே. பேரப்பிள்ளைகளுக்கு எல்லாமே ‘பறவை’தான். சாலையோர வயல்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. சிங்கன் கண்ட அயிரையும் ஆரலும் அருகி, ஜிலேபிக் கெண்டை மலிந்துவிட்டது. வயலும் இரையும் போனால் பெயர்கள் ஏட்டில் மட்டுமே மிஞ்சும்.

கணக்கெடுப்போரும் இருக்கின்றனர். 2011 முதல் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தார், தன்னார்வலர் துணையோடு தாமிரபரணிப் பகுதிக் குளங்களின் நீர்ப்பறவைகளை ஆண்டுதோறும் எண்ணி வருகின்றனர். சிங்கன் நூவனுக்கு வாயால் சொன்னதை இவர்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். கண்ணி மட்டும் இல்லை.

செல்லும் பெரியவர்கள் வெளிர் நிற உடையைக் காட்டிலும் மங்கிய நிறத்தில் அணிவது நல்லது, பறவைகள் மிரளா. மழைக்குப் பின் கரை வழுக்கும், ஆகவே கைத்தடி அவசியம். கரையேற இயலாதோர் சாலையோரப் பாலத்துக் கட்டைச்சுவரில் அமர்ந்தே பார்க்கலாம். தென்காசி விசுவநாதருக்குச் சாயரட்சை நடக்கும் வேளையில், கொக்குகள் வரிசை வரிசையாகத் தலைக்கு மேலே கூடு திரும்பும். பேரனோ பேத்தியோ உடன் வந்தால், அவற்றை எண்ணச் சொல்லலாம்.