கைநாட்டும் கிராம சபையும்



எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா டேனரியில் வேலை செய்கிறார். அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைக்கிறார். போன வருஷம் ஒருநாள் எங்கள் தெருவுக்கு ஒரு பெரிய நோட்டு வந்தது. "இதுல ஒரு கைநாட்டு வெய்ம்மா" என்றார் கொண்டு வந்தவர். ஊசி பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரலை அம்மாவும் வைத்தார். "எதுக்கும்மா?" என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும்? எல்லாரும் வெச்சாங்க, நானும் வெச்சேன்" என்றார்.

அது கிராம சபையின் வருகைப் பதிவேடு என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா போகாத கூட்டத்துக்கு அம்மா வந்ததாகக் கணக்கு! அதே தெருவில் மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வாசல்படி வரை நிற்கும். அதைப் பேச வேண்டிய இடமும் அந்தக் கூட்டம்தான். அன்று தேடித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கிராம சபை என்றால் என்ன?

பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூரில் குடவோலை முறையில் ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்ததைப் பள்ளியில் படித்தோம், பெருமைப்பட்டோம். ஆனால் அந்தக் கல்வெட்டை முழுசாகப் பார்த்தால், சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் உள்ளவருக்கே அங்கே இடம். எங்க அப்பா மாதிரி ஆள் வெளியேதான் நிற்க வேண்டும்.

இன்றைய கிராம சபை அப்படி அல்ல. 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1992-இல் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். நிலம் வேண்டாம், படிப்பு வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பி, பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அதாவது தோழர்களே, நாமும் உறுப்பினர்களே!

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த சபைக்கு, 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டு நாட்களும் சேர்க்கப்பட்டன. ஊராட்சியின் வரவு செலவு இங்கே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். கூட்டம் செல்ல குறைந்த அளவு ஆட்கள் வேண்டும். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேல் 300 பேர். நோட்டு ஏன் வீடு வீடாக வருகிறது என்று இப்போது புரிகிறதா? ஆள் வராவிட்டாலும் கைநாட்டு வந்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும்!

எந்தக் குறைக்கு எந்தக் கதவு?

நம் மக்கள் பாதி நாள் தவறான வாசலில் நிற்கிறார்கள். தெரு விளக்கு, குடிநீர், ஊராட்சிச் சாலை, சாக்கடை, குப்பை, சுடுகாடு ஆகியவை ஊராட்சியின் வேலை. பட்டாவுக்குக் கிராம நிர்வாக அலுவலரும் தாலுகா அலுவலகமும். ரேஷனுக்கு வட்ட வழங்கல் அலுவலர். கழிவுநீர் ஆற்றில் கலந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஆம்பூர் நகராட்சி, வேலூர் மாநகராட்சித் தோழர்களுக்குக் கிராம சபை கிடையாது. ஆனால் வார்டுக்குள் பகுதி சபை உண்டு. 2022 நவம்பர் 1 அன்று மாநிலத்தில் அது முதன்முறையாகக் கூடியது.

பாலாறு சொல்லும் பாடம்

மக்கள் எழுதினால் என்ன நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நம் பாலாறே பதில். தோல் கழிவால் கிணறும் நிலமும் கெட்டதைக் காட்டி, வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்றது நீதிமன்றம். இன்று சட்டக் கல்லூரிகளில் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். ஆனாலும் ஆற்றின் கதை முடியவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாறு மாசு பற்றித் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. நமக்குச் சோறு போடுவதும் தோல்தான், தண்ணீரைக் கெடுத்ததும் தோல்தான். அதனால் கோபத்தில் கத்தினால் போதாது. விவரத்தோடு பேச வேண்டும்.

நான் கண்ட அனுபவம்

முதல் முறை கிராம சபைக்குப் போனபோது, "எங்க தெருவுல சாக்கடை சரியில்லீங்க" என்றேன். "பார்க்கலாம் தம்பி" என்றார்கள். அவ்வளவுதான், அடுத்த ஆள் பேச ஆரம்பித்துவிட்டார். வெட்கத்தோடு வீடு திரும்பினேன்.

அடுத்த சபைக்கு முன் நம் சர்வே பிராக்டிகலில் படித்ததை வைத்து, நண்பன் டேப் பிடிக்க, தெருவை அளந்தேன். 62 மீட்டர். தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எங்கே தேங்குகிறது என்று ஒரு பக்கத்தில் படம் போட்டேன். தெருவில் பதினேழு வீட்டுக்காரர்களுக்கு மனுவைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்கினோம். சபையில் படத்தைக் காட்டி, "இதைத் தீர்மானமா எழுதுங்க ஐயா" என்று கேட்டேன். எழுதினார்கள். எங்கள் தீர்மானத்துக்கு ஒரு எண் கிடைத்தது.

உண்மையைச் சொல்கிறேன், சாக்கடை இன்னும் கட்டவில்லை. ஆனால் கையில் கொடுத்த மனு காணாமல் போகலாம், தீர்மானப் புத்தகத்தில் ஏறியது அவ்வளவு சுலபத்தில் காணாமல் போகாது. நகல் வேண்டுமா? 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டி விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். நான் விண்ணப்பித்திருக்கிறேன்.

நாம் செய்யக்கூடியவை

1. பதினெட்டு நிரம்பியதும் படிவம் 6 கொடுத்து வாக்காளர் பட்டியலில் பெயர் சேருங்கள்.

2. கூட்டத்துக்கு முந்தைய வாரமே நாள், நேரம், இடத்தைத் தெருவில் சொல்லுங்கள்.

3. ஒரு கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை, அளவோடும் படத்தோடும்.

4. பேசியது தீர்மானத்தில் ஏறியதா என்று கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள்.

5. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் மரியாதையாகப் பேசுங்கள், விடாமல் பேசுங்கள்.

தோழர்களே! டிப்ளமோ வேலைக்கு மட்டும் என்று நினைத்தேன். நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கண்ணாக இருக்கவும் அது உதவும் என்று இப்போது நினைக்கிறேன். போன மாதம் மறுபடியும் நோட்டு வந்தது. அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "என்னா எழுதியிருக்குன்னு எம் பையன் படிச்சுக் காட்டட்டும். அப்புறம் வெக்கிறேன்."

கொண்டு வந்தவர் சிரித்துக்கொண்டே நோட்டை என்னிடம் நீட்டினார்.

படிப்போம்! படித்துக் காட்டுவோம்!

– இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு